கட்டிய பாலமும் காத்த பாலமும்: ரீயூனியன் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரீயூனியன் தீவின் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்தது பணத்தைப் பற்றியது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கோபுரத்துக்கோ மண்டபத்துக்கோ நன்கொடை திரட்டத் தொடங்கும் ஒவ்வொரு கோயிலும், சேரும் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். கட்டுமானக் குழுவில் இல்லாத சிலரைத் தேர்ந்தெடுத்து அந்தக் கணக்கை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் எழுப்பிய பழைய சிறு கோயில்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வர வேண்டும்.

இதற்கு நான் காட்டப்போகும் சான்று தென் பிரான்சில், ரோன் ஆற்றின் மேல் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த இரண்டு கல் பாலங்கள். கோயில் விஷயத்துக்குப் பாலம் எதற்கு என்று கேட்பீர்கள். பாலங்களின் காலடியைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. காரைக்காலிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான் பார்த்தேன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழும்.

நம் தீவின் ஆறுகளை உங்களுக்குத் தெரியும். பாதி ஆண்டு வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கும். புயல் வந்தால் ஒரே இரவில் வீடு அளவுப் பாறைகளை உருட்டிக்கொண்டு வரும். 2007 பிப்ரவரியில் கமேத் புயல் வந்தபோது கொம்மெர்சோன் எரிமலைவாய்ப் பகுதியில் மூன்று நாட்களில் 3,929 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த வெள்ளத்தில் சேன் எத்தியேன் ஆற்றுப் பாலம் விழுந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் பாலத்தை மேலிருந்து அடித்து நொறுக்குவது அரிது. தூணின் காலடியில் சுழன்று, அங்குள்ள மணலையும் சரளையையும் அள்ளிக்கொண்டு போகிறது. நிற்க நிலம் இல்லாமல் தூண் சாய்கிறது. அதன் பிறகுதான் மேலே இருப்பது விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த அரிப்பைக் கண்டுபிடித்துக் கல் கொட்டி அடைப்பதற்கு ஆள் இருந்தால் பாலம் பிழைக்கும். நான் சொன்ன இரண்டு பாலங்களில் ஒன்று இருக்கும் அவிஞோன் நகரில் அந்த ஆள் இல்லாமல் போனார்.

பிரெஞ்சுப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் எல்லோரும் சின்ன வகுப்பிலேயே அவிஞோன் பாலத்தின் மேல் வட்டமாக ஆடுவதைப் பற்றிய பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் பாடுகிறார்கள். அந்தப் பாலத்தின் பெயர் சேன் பெனெசே பாலம். 1177ஆம் ஆண்டு, விவரே மலைப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெனெசே என்ற சிறுவனுக்கு, ரோன் ஆற்றின் மேல் பாலம் கட்டு என்று ஒரு தெய்வக் குரல் கேட்டதாம். அவிஞோனுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது ஊர் சிரித்தது. இந்தக் கல்லைத் தூக்கிக் காட்டு பார்ப்போம் என்று, பலர் கூடினாலும் அசைக்க முடியாத ஒரு பெருங்கல்லைக் காட்டினார்கள். அவன் அதைத் தூக்கிச் சென்று ஆற்றங்கரையில் முதல் கல்லாக வைத்தான். சிரித்தவர்களே காசை அள்ளிக் கொடுத்தார்கள் என்று கதை முடிகிறது.

இந்தக் கதையைக் கேட்டால் நம்மவர்க்கு ஆச்சரியமே வராது. கனவில் அம்மன் வந்து இடம் காட்டிய கோயில்கள் நம் தீவிலேயே உண்டு. கதையை நான் மதிக்கிறேன். அதற்குள் இருக்கும் வரலாற்றுச் செய்தியை அதைவிட அதிகமாக மதிக்கிறேன். அந்தப் பாலத்துக்கு அரச கருவூலம் பணம் தரவில்லை. ஊர் ஊராகச் சென்று தண்டிய காணிக்கையில்தான் அது எழுந்தது. பாலத்துக்கென்றே ஒரு சகோதரர் குழு உருவானது. பாலத்துக்குக் கொடுப்பது புண்ணியம் என்று திருச்சபை அறிவித்தது. பாலத்தின் முனையில் வழிப்போக்கர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு விடுதி நடந்தது. பெனெசே பாலம் முடியுமுன்பே இறந்துபோனார். 1185 வாக்கில் முதல் பாலம் முடிந்தது என்பது மரபு.

முதல் பாலம் அரை நூற்றாண்டுகூட நிற்கவில்லை. 1226இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் லூயி அவிஞோனை முற்றுகையிட்டு வென்றபோது பாலமும் அழிவுக்கு ஆளானது. ஊர் சளைக்காமல் 1234 முதல் மறுபடியும் கட்டத் தொடங்கியது. இப்படித்தான் 22 வளைவுகளும் ஏறத்தாழ 900 மீட்டர் நீளமும் கொண்ட கல் பாலம் உருவானது. ரோன் அங்கே இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. இரண்டையும், இடையில் இருந்த தீவு நிலத்தையும் தாண்டி, எதிர்க்கரையில் வில்நவ் ஊரில் மன்னர் நான்காம் பிலிப் எழுப்பிய கோபுரத்தின் அடியில் போய் அது முடிந்தது.

என் தொழில் ஆசையில் இங்கே கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரோமானியர்கள் பாலத்துக்குப் பெரும்பாலும் அரைவட்ட வளைவுகளைப் போட்டார்கள். அரைவட்டத்தில் அகலம் கூடினால் உயரமும் கூடியாக வேண்டும். அவிஞோன் கொத்தர்கள் வளைவைத் தாழ்த்தி, தட்டையாக்கி, ஒவ்வொன்றையும் 30 மீட்டருக்கும் மேல் அகலமாக வீசினார்கள். வளைவு அகலமானால் ஆற்றுக்குள் நிற்க வேண்டிய தூண்களின் எண்ணிக்கை குறையும், தண்ணீருக்கு வழி கூடும். ஒவ்வொரு வளைவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நான்கு தனித்தனிக் கல் வரிசைகளால் ஆனது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். ஒரு வரிசையைக் கட்டிய மரச் சாரத்தையே நகர்த்தி அடுத்த வரிசைக்குப் பயன்படுத்த இந்த முறை இடம் கொடுக்கிறது. காணிக்கைப் பணத்தில் கட்டுபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

தூண்கள் ஆற்றின் போக்கை எதிர்கொள்ளும் பக்கத்தில் கூர்முனையோடு இருக்கின்றன. வெள்ளம் அதில் மோதிப் பிளந்து இருபுறமும் போகும். தூணுக்கு மேலே, இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட சுவரில், சிறிய வளைவுத் திறப்பு ஒன்று உண்டு. வெள்ளம் அந்த உயரத்துக்கு ஏறினாலும் சுவரை முட்டித் தள்ளாமல் உள்ளே புகுந்து வெளியேறட்டும் என்று விட்ட வழி அது. தூண்களின் பருமன், வளைவின் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. இவ்வளவு தடித்த தூணில் ஒரு நன்மை உண்டு: ஒரு பக்கத்து வளைவு விழுந்தாலும் மறுபக்கத்தின் தள்ளலைத் தூண் தனியே தாங்கும், பாலம் முழுதும் சரிந்து போகாது. தீமையும் உண்டு. ஆற்றின் வழியில் பெரும் பகுதியைத் தூண்களே அடைத்துக்கொள்கின்றன. இடுக்கில் நுழையும் தண்ணீர் வேகம் எடுக்கிறது, வேகம் எடுத்த தண்ணீர் அடிமண்ணைத் தோண்டுகிறது. இந்த வகைப் பாலத்தைக் கட்டிவிட்டு விட்டுவிட முடியாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் காலடியைப் பார்க்க வேண்டும்.

பாலத்தின் நடைபாதை, கைப்பிடிச் சுவர்களையும் சேர்த்து ஐந்து மீட்டரைத் தொடாது. இரண்டு மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் திண்டாட்டம்தான். அந்தக் குறுகிய பாலத்தின் மேலேயே, இரண்டாவது தூணை ஒட்டி, ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ரோன் படகோட்டிகள் தங்கள் காவலராகக் கருதிய புனித நிக்கோலாவுக்கு உரியது. பெனெசேயின் உடலும் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேதான் இருந்தது. ஆலயத்துக்கு இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு பழைய ரோமனெஸ்க் கட்டடப் பாணி, மேல் அடுக்கு அதற்குப் பின் வந்த கோதிக் பாணி. பாலத்தின் மட்டத்தைப் பின்னாளில் உயர்த்தியபோது கீழ் ஆலயம் பள்ளத்தில் போய்விட்டது, இன்று படி இறங்கித்தான் போக வேண்டும். தெரு மட்டம் உயர உயரக் கருவறை தாழ்ந்துபோன பழைய கோயில்களைத் தஞ்சைப் பக்கம் பார்த்தவர்களுக்கு அந்தப் படிகள் புதிதாகத் தோன்றாது.

இனி அது எப்படி அழிந்தது என்பதற்கு வருகிறேன். 1309இல் போப்பாண்டவர் ஐந்தாம் கிளெமென்ட் அவிஞோனுக்கு வந்து தங்கினார். 1348இல் ஆறாம் கிளெமென்ட், நேப்பிள்ஸ் அரசி ஜோவான்னாவிடம் 80,000 பொன் ஃபுளோரின் கொடுத்து ஊரையே விலைக்கு வாங்கினார். இன்று எஞ்சியுள்ள வளைவுகளும் அவர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை என்று கருதப்படுகிறது. அதுவரை நல்லதுதான். ஆனால் அன்று முதல் பாலத்தின் ஒரு முனை போப்பின் மண், மறுமுனை பிரெஞ்சு மன்னரின் மண். ஆறு முழுவதும் தனக்கே உரியது என்றார் மன்னர். உரிமை கோருவதற்கு இரு பக்கமும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், உடைந்த தூணுக்குச் செலவு செய்யும் பொறுப்பைத்தான் ஒவ்வொரு பக்கமும் மற்றவர் மேல் தள்ளியது. காணிக்கை தண்டிய சகோதரர் குழுவின் பழைய வேகமும் அடங்கிவிட்டது.

1603இல் ஒரு வளைவு விழுந்தது. உடனே கட்டவில்லை. 1605இல் மூன்று விழுந்தன. 1633இல் இன்னும் இரண்டு. இடைவெளிகளுக்கு மரப் பலகை போட்டுச் சமாளித்தார்கள். 1669இன் பெருவெள்ளத்தோடு அதையும் கைவிட்டார்கள். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக அந்த ஊர் மக்கள் ஓடத்தில்தான் ஆற்றைக் கடந்தார்கள். 22 வளைவுகளில் இன்று நிற்பவை நான்கு. 1995இல் யுனெஸ்கோ அவிஞோனின் பழைய நகர்ப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது பாலத்தையும் சேர்த்தது. நடு ஆற்றில் முடிந்துபோகும் அந்தப் பாலத்தின் மேல் ஏறி நிற்கச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்துகிறார்கள். நானும் செலுத்தினேன். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ 1603இல் விழுந்த அந்த ஒரு வளைவின் மேல்தான் நினைவு இருந்தது. அதை அந்த ஆண்டே கட்டியிருந்தால் என்ன செலவு ஆகியிருக்கும்!

அதே ஆற்றில், நீரோட்டத்துக்கு எதிராக மேலே போனால் இன்னொரு பாலம் இருக்கிறது. போன் சேன் எஸ்பிரி. 1265 செப்டம்பர் 12ஆம் நாள் அங்கிருந்த மடத்தின் தலைவர் முதல் கல்லை வைத்தார். 1309இல் பாலம் முடிந்தது. நீளம் 900 மீட்டருக்கு மேல், அவிஞோன் பாலத்துக்குச் சமம். அதுவும் காணிக்கையில் எழுந்ததுதான், அதற்கும் தெய்வக் கதை உண்டு. பாலத்தின் பெயரே அந்த ஊருக்கும் பெயராகிவிட்டது. நீராவிப் படகுகள் போக 19ஆம் நூற்றாண்டில் இரண்டு வளைவுகளை எடுத்துவிட்டு அகலமான ஒன்றைப் போட்டார்கள். 1944இல் குண்டுவீச்சில் அடிபட்டது, பழுது பார்த்தார்கள். இன்றும் அதன் மேல் கார்கள் போகின்றன.

ஒரே ஆறு, ஏறத்தாழ ஒரே காலம், ஒரே நீளம். ஒன்று நான்கு வளைவோடு நிற்கிறது, மற்றொன்று போக்குவரத்தைத் தாங்குகிறது. ஆற்றின் போக்கும் அடிநிலமும் இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. அதனால் எல்லாவற்றையும் பராமரிப்பின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஒரு வேறுபாடு பெரியது. போன் சேன் எஸ்பிரியில் பாலத்தைக் கட்டி முடித்த பிறகும் அதற்கென்று அமைந்த அறநிலையம் கலையவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்று அதைத் தலைமுறை தலைமுறையாக நடத்தினார்கள். அந்த வழியே போகும் உப்பின் மேல் ஒரு சிறு வரியைப் பாலத்துக்கென்று மன்னர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஆகவே நன்கொடை வரும் ஆண்டு, வராத ஆண்டு என்ற கவலை இல்லை. பாரம் ஏற்றிய வண்டிகளைப் பாலத்தின் மேல் விடாமல், சரக்கைச் சறுக்கு வண்டியில் மாற்றி இழுத்துப்போகச் செய்தார்கள். சக்கரத்தின் அதிர்ச்சி வளைவுக்கு ஆகாது என்பதற்காக எத்தனை வணிகர்களின் முணுமுணுப்பைத் தாங்கியிருப்பார்கள்!

நமக்கு இதையெல்லாம் பிரான்ஸ்காரர்களிடம் கற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இது இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள், அவற்றுக்குக் குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்தல். ஏரியை வெட்டியவர் யாராக இருந்தாலும், தூர் எடுத்துக் கரையைக் காப்பதற்கு ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் உண்டு. அங்கே எனக்குப் பிடித்தவை தகுதிவிதிகள். 35 வயதுக்குக் கீழே, 70 வயதுக்கு மேலே கூடாது. அண்மை மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. கோயில் சுவரில் இதைக் கல்லில் வெட்டி வைத்த மக்களின் வழிவந்தவர்கள் நாம்.

பெரியோர்களே, நம் தீவில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். கோபுரம் எழுப்ப என்றால் பணம் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருகிறார்கள், சுதைச் சிற்பங்கள் எழுகின்றன, குடமுழுக்கு நடக்கிறது, நன்கொடையாளர் பெயர்கள் பளிங்கில் ஏறுகின்றன. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்த மகிழ்ச்சியில் நானும் பங்கு பெற்றிருக்கிறேன். ஆனால் கடற்கரையோரக் கோயிலில் உப்புக் காற்று சிமெண்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதற்கு அதிக காலம் ஆகாது. கம்பி துருப்பிடித்தால் பருக்கிறது, பருத்தால் காங்கிரீட்டைப் பிளக்கிறது. கோபுரத்தின் மேல்நிலையில் தெய்வ உருவின் கையில் மயிரிழை விரிசல் தெரியும்போது பூசினால் சில நூறு யூரோ. கை உடைந்து விழும்வரை விட்டால் சாரம் கட்ட வேண்டும், ஸ்தபதிக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டும், மறுபடி நன்கொடைப் புத்தகம் அடிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபே பழுது பார்க்கும் தவணைதான். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் காரான்ஸ் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் புயல் வரும் தீவில் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க முடியாது.

பழைய சிறு கோயில்களின் நிலை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சர்க்கரை ஆலைகளுக்கு அருகில் கருங்கல்லும் மரமும் தகரமும் கொண்டு எழுப்பிய கோயில்கள் அவை. இங்கே எல்லோரும் ஷப்பேல் என்று சொல்கிறோம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, இன்று புவா ரூஜ், லெ கோல் என்ற இரண்டே ஓடுகின்றன. மூடிய ஆலையின் நிலம் கைமாறிவிட்டது, கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது. அப்படி ஒரு கோயிலின் பின்சுவர் சாய்ந்திருப்பதைப் பார்த்து விசாரித்தேன். நிலம் ஒரு நிறுவனத்துடையது என்றார்கள் சிலர், நகராட்சிக்குப் போய்விட்டது என்றார்கள் வேறு சிலர். பூசை செய்யும் குடும்பத்தார் ஒரு சங்கத்தைக் காட்டினார்கள். சங்கமோ பத்திரம் இல்லாமல் நாங்கள் எப்படிக் கை வைப்பது என்றது. போப்புக்கும் மன்னருக்கும் நடுவே அவிஞோன் பாலம் நின்றதைப் போலத்தான் அந்தச் சுவர் நின்றுகொண்டிருந்தது. யாரும் தீயவர்கள் அல்லர். மழைநீர் போக ஒரு வாய்க்கால் வெட்டினால் இன்றே அந்தச் சுவரைக் காப்பாற்றலாம்.

ஆகவே நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான கோயில்கள் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவானவை, ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு கூடுகிறீர்கள். அடுத்த பொதுக்குழுவில் பராமரிப்பு வாரியம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பேர் போதும், அதில் ஒருவராவது பெண்ணாக, ஒருவராவது முப்பது வயதுக்குக் கீழே உள்ளவராக இருக்கட்டும். இந்த ஒரு விதியில் உத்திரமேரூரை மாற்றிக்கொள்ளலாம், முன்னோர் கோபிக்க மாட்டார்கள். கணக்குக் காட்டாதவர் கூடாது என்ற விதியை அப்படியே வையுங்கள். நன்கொடையில் பத்தில் ஒரு பங்கு என்ற என் அளவு அதிகம் என்று தோன்றினால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு அளவைத் தீர்மானமாக எழுதிவையுங்கள். நன்கொடை வராத ஆண்டிலும் கணக்கில் ஏதாவது சேர, காவடித் திருவிழா வருமானத்தில் ஒரு சிறு பகுதியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். உப்பு வரி செய்த வேலையை அது செய்யும். வாரியத்தார் நவம்பரில், புயல் பருவத்துக்கு முன் ஒருமுறையும், ஏப்ரலில் முடிந்த பின் ஒருமுறையும் கட்டடத்தைச் சுற்றி வந்து படம் எடுத்து, குறிப்பேட்டில் எழுதி, கோயில் பலகையில் ஒட்ட வேண்டும்.

பழைய ஷப்பேல்களைப் பொறுத்தவரை, அருகிலுள்ள பெரிய கோயில் ஒவ்வொன்றும் ஒன்றைத் தத்தெடுங்கள். முதல் வேலையாக நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காடாஸ்தர் என்னும் நிலப் பதிவேட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரிமை யாருடையது என்பது தீர ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கூரைத் தகரம் மாற்றவும் வாய்க்கால் வெட்டவும் நிலத்துக்குரியவரிடம் எழுத்து அனுமதி பெற்றுக்கொண்டால் போதும்.

இந்த மடலைப் பிரெஞ்சிலும் எழுதி, தமிழ் படிக்காத நிர்வாகிகளுக்கு அனுப்பியிருக்கிறேன். விரிசலை எப்படிப் பார்ப்பது, எதைக் கண்டு அஞ்ச வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று வாரியத்தாருக்குக் கற்றுக்கொடுக்க நான் வருகிறேன். தீவின் எந்த மூலையாக இருந்தாலும் சரி, கட்டணம் வேண்டாம். அந்தச் சாய்ந்த பின்சுவர் உள்ள கோயிலுக்கு மட்டும் பொதுக்குழுவரை காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நவம்பருக்குள் அங்கே வாய்க்கால் வெட்டியாக வேண்டும். மண்வெட்டி பிடிக்கப் பத்துப் பேர் தேவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலப் பரிசோதகர்,
சேன் ஆந்திரே, ரீயூனியன்